தள்ளுபடியும் நாணயமும்

நம் முன்னோர் கூட்டுறவுக் கடன் சங்கத்தை ‘ஐக்கிய நாணய சங்கம்’ என்று அழைத்தனர். நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். கொடுத்த வாக்கைக் காக்கும் ஒழுக்கமும் நாணயம். காசில்லாத ஏழைக்கு அவனது ஒழுக்கத்தையே ஈடாகக் கொண்டு கடன் வழங்கும் ஏற்பாட்டுக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

இன்றோ சங்கத்தைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ‘தள்ளுபடி’ என்னும் சொல்லே முன்னிற்கிறது. ஆண்டிமடம் வட்டாரத்துச் செம்மண் மேட்டில் முந்திரியும் நிலக்கடலையும் பயிரிடும் உழவரும், இலையூர், வாரியங்காவல் பகுதிகளில் தறிக்குழியில் காலை இறக்கி அமரும் நெசவாளரும் ஒருவரையொருவர் சந்திக்கும்போது, “இவ்வாண்டு தள்ளுபடி உண்டா?” என்று கேட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. மழை பொய்த்தால் உழவன் கடனாளி ஆகிறான். நூல் விலை ஏறிச் சேலை தேங்கினால் நெசவாளி கடனாளி ஆகிறான். ஆதலின் அவர்கள் அவ்வாறு கேட்பதில் தவறு ஒன்றும் இல்லை.

தள்ளுபடி வேண்டுமா வேண்டாமா என்று வாதிப்போர் பலர். நாம் இங்கே எழுப்ப விரும்பும் வினா வேறு. தள்ளுபடியான கடன் உண்மையில் எவருடைய கடன்? அதனைச் சொல்லும் ஏடு எவர் கண்ணுக்குப் படுகிறது? ஏடு மூடிக்கிடக்கும் இடத்தில் தள்ளுபடி என்பது ஏழையின் சுமையை இறக்கும் அளவுக்கு, ஏட்டைத் திருத்தி எழுதியவனின் குற்றத்தை மறைக்கவும் பயன்படும். ஆகவே கடன் நிவாரணமும் ஊழல் ஒழிப்பும் இரு வேறு காரியங்கள் என்று எண்ணுவது பிழை. ஒன்றை விட்டு மற்றொன்றைச் செய்தால் இரண்டுமே நிலைக்கமாட்டா என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நிவாரணத்தின் பழைய வரலாறு

கடன் நிவாரணம் நமக்குப் புதிதன்று. சென்னை மாகாண அரசு பிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பி, அங்குள்ள கூட்டுறவுக் கடன் முறைகளை ஆராயச் செய்தது. 1895-லும் 1897-லும் இரு பகுதிகளாக வெளிவந்த அவரது அறிக்கை, ஜெர்மனியில் ரைபைசன் ஏற்படுத்திய கிராமச் சங்கங்களை நமக்கு வழிகாட்டியாகக் காட்டியது. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் சங்கம் ஒன்று தோன்றியது.

அக்காலத்துக் கிராமச் சங்கங்களில் ‘வரம்பற்ற பொறுப்பு’ என்னும் விதி இருந்தது. சங்கம் நொடித்தால் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் சொத்து முழுவதையும் கொண்டு ஈடுசெய்ய வேண்டும். கடுமையான விதிதான். ஆயினும் அதனால் ஒரு நன்மை விளைந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு வாங்கினார், எதற்கு வாங்கினார் என்பதை ஒவ்வொருவரும் கேட்டறிந்தனர். பொய்க்கடன் எழுதப்பட்டால் அது தம் தலையில் விழும் என்பது அவர்களுக்குத் தெரியும். பின்னாளில் பொறுப்புக்கு வரம்பு வந்தது, அது நியாயமே. ஆனால் பொறுப்பு குறைந்தபோது, கேட்டறியும் பழக்கமும் உடன் குறைந்துவிட்டது.

1938-இல் இராஜாஜியின் அமைச்சரவை சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பழைய கடன்களுக்கு 1937 அக்டோபர் 1-ஆம் தேதி வரை ஏறிக்கிடந்த வட்டிப் பாக்கியை அது நீக்கியது. அசலைப்போல் இரு மடங்கு செலுத்திவிட்ட உழவனுடைய கடன் முழுவதும் தீர்ந்ததாகவே கருதப்படும் என்றும் விதித்தது. லேவாதேவிக்காரரிடம் சிக்கிய உழவர்களுக்கு அது பெரும் ஆறுதல். அந்தச் சட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கடன்காரர், கடன்பட்டவர் ஆகிய இருவரின் பெயரும் தெரியும். பத்திரம் எதிரே இருக்கும். தகராறு வந்தால் நீதிமன்றம் கணக்குப் பார்க்கும். எவருடைய கடன் எவ்வளவு குறைந்தது என்பதில் மறைவு இல்லை.

அண்மைக் காலத் தள்ளுபடிகள்

இந்நூற்றாண்டில் நிலைமை மாறியது. கடன் கொடுத்தவர் லேவாதேவிக்காரர் அல்லர். நம் சொந்தச் சங்கம். தள்ளுபடிக்கு ஈடு கொடுப்பது அரசு. அதாவது வரி செலுத்தும் பொதுமக்கள். 2006-இல் தமிழ்நாட்டு அரசு கூட்டுறவு நிறுவனங்களில் உழவர் பட்ட கடன் ரூ. 6,866 கோடியைத் தள்ளுபடி செய்தது. 2016-இல் சிறு, குறு விவசாயிகளின் கடன் ரூ. 5,780 கோடி தள்ளுபடியாயிற்று. 2021 பிப்ரவரியில் 16.43 இலட்சம் விவசாயிகளின் பயிர்க்கடன் ரூ. 12,110 கோடி தள்ளுபடி என்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், ஆட்சி மாறிய பின், ஐந்து பவுனுக்கு உட்பட்ட நகைக்கடன்கள் தள்ளுபடியாகும் என்னும் அறிவிப்பும் வந்தது. இவை அனைத்தும் சட்டமன்றத் தேர்தல் நடந்த ஆண்டுகள். இரு பெருங்கட்சிகளும் செய்தவை ஆதலால், இதனை எக்கட்சியின்மேலும் குற்றமாகச் சுமத்த வேண்டுவதில்லை. பஞ்சத்தை நோக்கி வரவேண்டிய நிவாரணம் தேர்தலை நோக்கி வரும்போது, ஏட்டை நிதானமாகச் சரிபார்க்க நேரம் இராது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

நகைக்கடன் தள்ளுபடியில் அரசு சற்று நின்று கணக்குப் பார்த்தது, அது பாராட்டத்தக்கது. ஏறத்தாழ 48 இலட்சம் கடன்கள் ஆராயப்பட்டன. அவற்றில் 35 இலட்சத்துக்கு மேற்பட்டவை தள்ளுபடிக்குத் தகுதியற்றவை என்றும், 13 இலட்சத்துக்குச் சற்று மிகுந்தவையே தகுதியுடையவை என்றும் 2021 இறுதியில் வெளியாயிற்று. தகுதியற்றவை யாவும் மோசடி என்று கொள்ளலாகாது. மொத்தம் ஐந்து பவுனுக்கு மேல் வைத்தவர்களும், விதிகளின்படி விலக்கப்பட்ட பிறரும் அவற்றில் மிகப் பலர். ஆயினும் ஒரே குடும்பத்தார் பெயரில் கணக்கற்ற கடன்களும், போலி நகைக்குக் கொடுத்த கடன்களும், நகையே வைக்காமல் எழுதிய கடன்களும் சில சங்கங்களில் வெளிப்பட்டன. தள்ளுபடி என்று ஒன்று வராதிருந்தால் அப்பொட்டலங்கள் எத்தனை ஆண்டுகள் பெட்டகத்திலேயே உறங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மத்திய அரசு 2008-இல் நாடு முழுவதும் செய்த விவசாயக் கடன் தள்ளுபடியைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆராய்ந்து, 2013-இல் நாடாளுமன்றத்தில் அறிக்கை வைத்தார். சோதித்துப் பார்த்த 90,576 கணக்குகளில் 22 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் குறைபாடுகள் இருந்தன. தகுதியில்லாத சிலர் பயனடைந்திருந்தனர். தகுதியுள்ள சிலர் விடுபட்டிருந்தனர். ஏடுகளில் அடித்தலும் திருத்தலும் காணப்பட்டன. இவற்றினும் நம் கவனத்துக்கு உரிய செய்தி வேறொன்று. சோதித்தவற்றுள் 61,793 கணக்குகளில் மூன்றில் ஒரு பங்குக்குத் தள்ளுபடிச் சான்றிதழ் விவசாயி கையில் சேர்ந்ததற்கு அத்தாட்சியே இல்லை. தன் கடன் தீர்ந்தது என்பதே தெரியாத கடனாளியை மீண்டும் ஒருவர் மிரட்டுவது எத்துணை எளிது!

சங்கத்துக்குள் இது எவ்வாறு நிகழ்கிறது

இவ்வளவு பெரிய தொகைகளைப் பேசும்போது, குற்றம் எங்கோ தலைநகரத்தில் நிகழ்வதாகத் தோன்றும். உண்மையில் அது ஒரு கையெழுத்தில் தொடங்குகிறது. அங்கத்தினர் ஒருவர் நிரப்பப்படாத படிவத்தில் கையொப்பமிட்டுக் கொடுக்கிறார். தம் பாஸ் புத்தகத்தையும் சங்கத்திலேயே விட்டுச் செல்கிறார். அவர் கேட்டது இருபதாயிரம்; ஏட்டில் ஏறுவது அறுபதாயிரமாக இருக்கக்கூடும். அல்லது ஊரைவிட்டுத் திருப்பூருக்கோ சென்னைக்கோ பிழைக்கச் சென்றவரின் பெயரில், அவரது பழைய சிட்டாவைக் கொண்டு புதிய கடன் எழுதப்படக்கூடும். தவணை வந்ததும், பழைய கடன் தீர்ந்ததாக ஒரு வரியும், அதே நாளில் புதுக்கடன் வழங்கியதாக மறு வரியும் எழுதினால் போதும். ஒரு காசும் கைமாறாமலே கணக்கு ஒழுங்காகத் தோன்றும். அத்தகைய கடனுக்குத் தள்ளுபடி ஒரு வரப்பிரசாதம். சாட்சியமாக இருக்கவேண்டிய பாக்கியே துடைக்கப்பட்டுவிடுகிறது.

நெசவாளர் சங்கங்களிலும் இதற்கு இடம் உண்டு. தறி இல்லாதவர் பெயரில் தறி காட்டுவதும், விசைத்தறித் துணியைக் கைத்தறித் துணியாகப் பதிவு செய்வதும், விற்காத சரக்கை விற்றதாக எழுதித் தள்ளுபடி மானியம் கோருவதும் கேள்விப்படாதவை அல்ல. ஏட்டிலுள்ள தறிகளுக்கும் தெருவிலுள்ள தறிகளுக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு உள்ளதோ, அவ்வளவு கூலி உண்மையான நெசவாளியிடமிருந்து பறிபோகிறது என்றே பொருள்.

இவ்வாறு எழுதுவதால் சங்கச் செயலாளர்கள் யாவரையும் குறை கூறுவதாகக் கொள்ளலாகாது. குறைந்த ஊதியத்தில், பல திசைகளிலிருந்தும் வரும் நெருக்கடிக்கிடையே, காசுக்குக் காசு கணக்கு வைத்திருக்கும் ஊழியர் மிகப் பலர். மூடிய ஏடு அவர்களுக்கும் தீங்கானது. மேலிருந்து ஒருவர், “இன்னார் பெயரையும் சேர்” என்று சொல்லும்போது, “பட்டியல் நாளை சுவரில் ஒட்டப்படும், ஐயா” என்று மறுக்க அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும் அல்லவா?

தொலைதேசத்து அனுபவம்

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. ஒரு சங்கத்தில் நிகழ்வது ஒரு தேசத்திலும் நிகழக்கூடும் என்பதை ஆப்பிரிக்கக் கண்டத்தின் வரலாறு காட்டுகிறது. விடுதலை பெற்ற ஏழை நாடுகள் பல, 1970-களிலும் 1980-களிலும் வெளிநாட்டுக் கடனில் மூழ்கின. விளைபொருள்களின் விலை வீழ்ந்ததும் வட்டி ஏறியதும் ஒரு காரணம். ஆண்டவர்கள் கடன் பணத்தைத் தம் சொந்தச் செல்வம்போல் கொண்டது மற்றொரு காரணம். 1996-இல் உலக வங்கியும் சர்வதேச நாணய நிதியமும் கடன் சுமை மிக்க ஏழை நாடுகளுக்கான நிவாரணத் திட்டத்தைத் தொடங்கின. 2005-இல் அது மேலும் விரிவாக்கப்பட்டது. இதனால் பயன் பெற்றவற்றுள் முப்பதுக்கு மேற்பட்டவை ஆப்பிரிக்க நாடுகள். அவற்றுள் மூன்று நாடுகளின் கதை நமக்குப் பாடமாகும்.

முதலாவது ஜாம்பியா. செம்புச் சுரங்கங்கள் நிறைந்த அந்நாட்டின் வெளிக்கடன் சுமார் 700 கோடி டாலர் அளவில் இருந்தது. 2005-க்குப் பின் கிடைத்த தள்ளுபடியால் அது ஏறத்தாழ 50 கோடி டாலராகக் குறைந்தது. 2006-இல் கிராமப்புற மருத்துவ நிலையங்களில் நோயாளிகளிடம் பெற்றுவந்த கட்டணத்தை அரசு நீக்கியது. தள்ளுபடி ஏழைக்குப் பயன்படும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் 2012 முதல் அரசு வெளிச்சந்தையில் மீண்டும் பெருங்கடன் வாங்கத் தொடங்கியது. 2020 நவம்பரில் தவணை செலுத்த இயலாமல் நின்றது. 2021-இல் புதிய அரசு அமைந்து கணக்கிட்டபோது, முன்பு சொல்லப்பட்டதைவிடக் கடன் அதிகம் என்று தெரியவந்தது. சுமை ஒருமுறை இறங்கியது. சுமை ஏற்றும் முறை மாறவில்லை.

இரண்டாவது மொசாம்பிக். அதுவும் தள்ளுபடி பெற்ற நாடு. 2013-லும் 2014-லும் மூன்று அரசுக் கம்பெனிகள் மீன்பிடிக் கப்பல்களுக்கும் கடலோரக் காவலுக்கும் என்று 200 கோடி டாலருக்கு மேல் கடன் வாங்கின. அரசு அதற்கு ஜாமீன் நின்றது. நாட்டின் பாராளுமன்றம் அந்த ஜாமீனுக்கு ஒப்புதல் தரவில்லை. பெரும் பகுதி அதன் கவனத்துக்கே வரவில்லை. 2016-இல் இரகசியம் வெளிப்பட்டதும் வெளிநாட்டு உதவிகள் நின்றன; நாணய மதிப்பு விழுந்தது; விலைவாசி ஏறியது. ஒரு சிலர் இட்ட கையொப்பத்துக்குக் கடலையே காணாத உள்நாட்டு உழவனும் விலை கொடுத்தான். அந்நாட்டுப் பொதுநல அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2019-லும் 2020-லும் அந்நாட்டு அரசியல் சட்ட மன்றம் அந்த ஜாமீன்கள் செல்லா என்று தீர்ப்பளித்தது. ஜாமீனில் கையொப்பமிட்ட முன்னாள் நிதி அமைச்சர் மானுவல் சாங், 2024-இல் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்று, 2025-இல் எட்டரை ஆண்டுச் சிறைத் தண்டனை அடைந்தார். கையூட்டுக்குக் கடன் கொடுத்த பெரிய ஐரோப்பிய வங்கியும் அபராதம் செலுத்தியது. இதில் வாங்கியவன் மட்டுமே குற்றவாளி அல்லன் என்பதும், கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தவனுக்கும் பங்குண்டு என்பதும் விளங்கும்.

மூன்றாவது உகாண்டா. 1998-இல் இத்திட்டத்தின் கீழ் முதன்முதலில் நிவாரணம் பெற்ற நாடு அதுவே. தள்ளுபடியால் மிஞ்சிய தொகையைப் பொதுக் கஜானாவில் கரைந்துபோக விடாமல், வறுமை ஒழிப்பு நிதி என்று தனியே பிரித்துத் தொடக்கப் பள்ளிக்கும் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் ஒதுக்கினர். அதற்கு முன்பே அங்கு ஓர் ஆராய்ச்சி நடந்திருந்தது. 1991 முதல் 1995 வரை தலைநகரிலிருந்து பள்ளிகளுக்கு அனுப்பிய மானியத்தில் சராசரியாக நூற்றுக்குப் பதின்மூன்று பங்கே பள்ளியைச் சென்றடைந்தது என்று அது கண்டது. எஞ்சிய எண்பத்தேழு பங்கு வழியிலேயே நின்றுவிட்டது. அதன்பின் அரசு, எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்பதைச் செய்தித்தாளில் வெளியிட்டது. பள்ளிக்கு வந்த தொகையைப் பள்ளிச் சுவரிலேயே எழுதி ஒட்டவேண்டும் என்றும் உத்தரவிட்டது. 2001-க்குள் பள்ளிகளைச் சேர்ந்த பங்கு நூற்றுக்கு எண்பதைத் தாண்டியது. வேறு சீர்திருத்தங்களும் இதற்குத் துணைபுரிந்தன என்பர் ஆராய்ச்சியாளர் சிலர், அது உண்மையே. ஆயினும் சுவரில் ஒட்டிய ஒரு தாள், படிப்பறிவு குறைந்த பெற்றோரையும் தலைமை ஆசிரியரிடம் கேள்வி கேட்க வைத்தது என்பதை மறுப்பார் இல்லை.

இம்மூன்றையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். மூன்று நாடுகளுக்கும் தள்ளுபடி கிடைத்தது. எங்கே மக்களின் கண்ணுக்குக் கணக்குத் தெரிந்ததோ, அங்கே அது பள்ளிக்கூடமாக நின்றது. எங்கே தெரியவில்லையோ, அங்கே அடுத்த கடனுக்கு இடம் செய்து கொடுத்தது.

இதே கருத்தை நம் நாட்டிலும் ஒரு தமிழர் வலியுறுத்தினார். பொருளாதார அறிஞர் ஏ. வைத்தியநாதன் தலைமையில் 2004-இல் அமைந்த குழு, நலிந்த கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு நிதியுதவி அளிக்கப் பரிந்துரைத்தபோது, முதலில் சிறப்புத் தணிக்கை, பிறகே பணம் என்று கூறியது. சங்க நிர்வாகத்தில் அரசின் தலையீடு குறையவேண்டும் என்றும் நிபந்தனை வைத்தது. தமிழ்நாடும் அத்திட்டத்தில் சேர்ந்தது. 2011-இல் கைத்தறித் துறைக்கு மத்திய அரசு ரூ. 3,884 கோடியில் அறிவித்த புனரமைப்புத் திட்டமும், நெசவாளர் சங்கங்களின் தவணை தவறிய கடனை நீக்க அதே வழியைப் பின்பற்றியது. ஏட்டைச் சரிபார்த்துச் சுமையை இறக்குவது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்று எவரும் கூற இயலாது.

சில ஆட்சேபங்கள்

“ஊழல் முற்றும் ஒழிந்த பிறகே தள்ளுபடி” என்று சிலர் கூறுவர். வறட்சி அதுவரை காத்திராது. திருட்டுக் கணக்கு எழுதியவன் ஒருவன் இருக்கிறான் என்பதற்காக, கருகிய கொல்லையின் நடுவே நிற்கும் உழவனைக் கைவிடுவது நீதியாகாது. நோயாளிக்கு மருந்தும் வேண்டும். மருந்துக் கடைக்குப் பூட்டும் வேண்டும்.

“கடன்பட்டவர் பெயரைச் சுவரில் ஒட்டுவது மானக்கேடு” என்பர் வேறு சிலர். இதில் நியாயம் இருக்கிறது. நடப்பிலுள்ள கடனை ஊரார்முன் பறைசாற்ற வேண்டுவதில்லை. அது அங்கத்தினருக்கும் சங்கத்துக்கும் உள்ள செய்தி. அவரவர் பாக்கியை அவரவருக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் பெற்றால் போதும். தள்ளுபடியான கடனோ பொதுப்பணத்தால் தீர்க்கப்பட்டது. பொதுப்பணம் பெற்றவர் பெயரைப் பொதுமக்கள் அறிவதில் மானக்கேடு ஏதுமில்லை. மழை பொய்த்தது அவர் குற்றமன்று.

“தவணை தவறாமல் செலுத்திய நாங்கள் ஏமாளிகளா?” என்பது மூன்றாவது ஆட்சேபம். இதுவே மிகவும் ஆழமானது. தாலியை அடகு வைத்தேனும் சங்கப் பாக்கியைத் தீர்த்தவர் நம்மிடையே உண்டு. உரிய காலத்தில் திருப்பிச் செலுத்தும் பயிர்க்கடனுக்கு வட்டியில்லை என்னும் சலுகை அவர்களுக்கு ஓரளவு ஆறுதல் தருகிறது. எனினும் அவர்கள் மனம் புண்படுவது தள்ளுபடியால் மட்டும் அன்று; தகுதியற்றவர் பெற்றார் என்று கேள்விப்படுவதாலேயே மிகுதியும் புண்படுகிறது. உண்மையில் நொந்த அயலாருக்கு உதவி கிடைத்ததைக் கண்டு பொறாமைப்படும் கிராமத்தார் மிகச் சிலரே.

நாம் செய்யக்கூடியவை

அரசு செய்யவேண்டியவை பல. ஆனால் சங்கம் நம்முடையது. அங்கத்தினராகிய நாம் எவருடைய உத்தரவையும் எதிர்பாராமல் தொடங்கக்கூடியவை சில உண்டு. அவை பின்வருமாறு:

முதலாவதாக, பாஸ் புத்தகத்தைச் சங்கத்தில் விட்டுவைத்தல் கூடாது. ஒவ்வொரு வரவு செலவையும் பதிவு செய்து வாங்கி வீட்டுக்குக் கொண்டு செல்க. நிரப்பாத படிவத்தில் கையொப்பமோ கைந்நாட்டோ இடுதல் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பள்ளியில் பயிலும் பேரப் பிள்ளைகள் படித்துச் சொல்லலாம்.

இரண்டாவதாக, தள்ளுபடிப் பட்டியலைப் பணம் வரவு வைக்கப்படும் முன்பே சங்க வாயிலில் ஒட்டவும், ஆட்சேபம் தெரிவிக்கப் பதினைந்து நாள் தவணை தரவும் மகாசபையில் தீர்மானம் கொண்டுவருவோமாக. பட்டியலில் பெயர் இருந்தும் கடன் வாங்காதவர், கடன் வாங்கியும் பெயர் இல்லாதவர் ஆகிய இருவருமே அப்போதுதான் வெளிப்படுவர்.

மூன்றாவதாக, தள்ளுபடிச் சான்றிதழைக் கையில் பெறாமல் எவரும் ஓயலாகாது. நகைக்கடனாயின் நகையை எடைபோட்டுப் பார்த்துப் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

நான்காவதாக, தணிக்கை அறிக்கையின் குறைபாட்டுப் பகுதியை மகாசபையில் முழுதும் படிக்கச் சொல்ல வேண்டும். ‘படித்ததாகக் கருதப்பட்டது’ என்னும் வாசகத்துக்கு நாம் கை தூக்கலாகாது. குற்றம் தெரிந்தால், 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81-ஆவது பிரிவு விசாரணைக்கும், 87-ஆவது பிரிவு இழப்பைக் குற்றவாளியிடமிருந்தே தண்டத் தீர்வையாக வசூலிப்பதற்கும் வழி செய்கின்றன. அப்பிரிவுகள் நம் உரிமைகள். அவற்றை நாமே அறிந்திருத்தல் நன்று.

ஐந்தாவதாக, நெசவாளர் சங்கங்களில் ஆண்டுக்கு ஒருமுறை தெருத்தெருவாகத் தறிகளை நெசவாளரே எண்ணி, அந்த எண்ணிக்கையை ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதற்கு ஒரு நாள் உழைப்புப் போதும்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை, மகாசபைக்கு நாம் செல்வதே. தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழு இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பிலுள்ள காலங்களும் உண்டு. 2018-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களின் ஐந்தாண்டுக் காலம் 2023-இல் முடிந்தபின் அவ்வாறே நிகழ்ந்தது. அத்தகைய காலங்களில் அங்கத்தினரின் விழிப்பு இரட்டிப்பாக வேண்டும். 2022-இல் தொடங்கிய திட்டத்தின்படி தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கணிப்பொறியும் வருகிறது, வரவேற்போம். ஆயினும் கணிப்பொறி தன்னிடம் சொன்னதையே எழுதும். இல்லாத கடனை எழுதச் சொன்னால் அதையும் அழகாகவே எழுதும். அதைப் பார்த்து, “இது என் கடன் அன்று” என்று சொல்லவேண்டியவர் நாமே.

நம் சங்கத்தில் உள்ள வைப்புத் தொகை எங்கிருந்தோ வந்ததன்று. முந்திரி விற்ற காசும், நெய்த கூலியில் மிச்சம் பிடித்த காசும், மகளின் திருமணத்துக்கென ஒரு தாய் போட்டுவைத்த காசும் அதில் கலந்திருக்கின்றன. பொய்க்கடன் அக்காசைத் தின்கிறது. அரசு ஈடு செய்தாலும் அது தவணை தவணையாகவே வரும். அதுவரை அடுத்த பருவத்துக் கடன் கேட்டு நிற்பவர் வெறுங்கையோடு திரும்புவார். ஆதலால் அடுத்த மகாசபைக்கு ஒவ்வோர் அங்கத்தினரும் தம் பாஸ் புத்தகத்தோடு வருவாராக. தம் பெயருக்கு நேரே ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று செயலாளரைப் படிக்கச் சொல்லிக் கேட்பாராக. நாணய சங்கம் என்று நம் முன்னோர் வைத்த பெயரின் இரு பொருளையும் காப்பதற்கு அதுவே முதற்படியாகும்.